தேதி போடாத கையெழுத்து

அப்பாசாமி எம்.எல்.ஏ.வுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சட்டமன்ற உறுப்பினர் விடுதி அறையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினார். கண்ணாடி முன் நின்று, தான் கேட்கப்போகும் துணைக் கேள்வியைச் சொல்லிப் பார்த்தார். தலைவருக்குப் புகழ் நான்கு வரி, அமைச்சருக்கு இரண்டு வரி, கேள்வி ஒரு வரி. அந்த அளவு குறைந்தால் கட்சியில் யாராவது மனசில் வைத்துக்கொள்வார்கள். அவருடைய உதவியாளர் நரசிம்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்பது செகண்டு சார். சபாநாயகர் பொறுத்துக்குவார்" என்றார்.

கேள்வி ஒரு பேருந்தைப் பற்றியது. விடியற்காலை நாலே முக்காலுக்குப் புதுப்பட்டினத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்து. குப்பத்துப் பெண்கள் பதினொரு பேர் மீன் கூடையோடு அதில் ஏறி, வெளுக்கும்போதே மார்க்கெட்டில் கடை விரித்துவிடுவார்கள். செங்கல்பட்டில் ரயில் பிடிக்கிறவர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று எழுதிப் போட்டார்கள். தொண்ணூற்றெட்டு தை மாதத்தோடு அந்த வண்டி நின்றது. பதிலுக்கு ஏழு மணிக்கு ஒன்று விட்டார்கள். அதில் கூடை ஏற்றக்கூடாது என்று கண்டக்டருக்கு உத்தரவு. மீன்காரி கூடை இல்லாமல் செங்கல்பட்டுக்கு எதற்குப் போவாள், ஊர் சுற்றிப் பார்க்கவா? உத்தரவு போட்டவர் அதை யோசிக்கவில்லை.

பதினொரு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் பூவாயி. ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை. மார்க்கெட்டில் இருபத்திரண்டு வருஷமாக அவள் உட்காரும் இடம்தான் அவளுடைய ஒரே சொத்து. பேருந்து நின்றபிறகு, கூடைகளை ஏற்றிப்போகும் வேன்காரன் வைத்ததுதான் நேரம் என்றாயிற்று. அவள் போய்ச் சேர்வதற்குள் ஓட்டல்காரர்கள் ஐஸ் மீனை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். "ஆடிக்குள்ள பஸ்ஸு வரலன்னா எடத்த வுட்டுட்டு கல்பாக்கம் டவுன்ஷிப்புல பாத்திரம் தேய்க்கப் போவ வேண்டிதான் நைனா. மூணு வூடு பேசி வச்சிகினு கீறேன்" என்று அப்பாசாமியிடம் சொல்லியிருந்தாள். அழுது சொல்லவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகிறவர்களைச் சமாதானப்படுத்தி அனுப்ப அவருக்கு நன்றாகவே பழகிவிட்டது.

அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் இன்று சபைக்கே வரவழைத்திருந்தார். பார்வையாளர் மாடத்துக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அமைச்சர் 'ஆம்' என்று சொல்வதை அவர்கள் காதால் கேட்கவேண்டும் என்று ஓர் ஆசை. சொல்லுவார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அப்படியிருந்தும், எதையோ மறந்துவிட்டோம் என்று காலையிலிருந்து மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கூடு இருக்கிறது, பேனா இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. பின் என்ன?

சந்தேகம் இல்லாததற்குக் காரணம் உண்டு. திருக்கழுக்குன்றத்தில் அவர் வீட்டு வாசலுக்குத் தினமும் நாற்பது மனு வரும். எதையும் முடியாது என்று சொல்ல முடியாது. ஓட்டுப் போட்ட கை அல்லவா நீட்டுகிறது. எல்லாவற்றிலும் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் நாற்பதையும் செய்துகொண்டிருந்தால் அமைச்சர் அலுவலகம் என்னத்துக்கு ஆகும்? அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. கையெழுத்துக்குக் கீழே தேதி இருந்தால் அது நிஜமாகவே முடிக்கவேண்டிய காரியம். தேதி இல்லாவிட்டால், வந்தவர் மனம் கோணாமல் இருக்கப் போட்டது. கோப்பில் 'சாத்தியமில்லை' என்று ஒரு வரி எழுதி மூடிவிடலாம். பதவியேற்ற வாரத்திலேயே நரசிம்மன் இதைச் சொல்லிவிட்டார். முதல் மாதம் அப்பாசாமிக்குக் கை கூசியது. இரண்டாவது மாதம் கூசவில்லை.

பூவாயியின் பேருந்து மனு தேதி போடவேண்டிய மனு. அதில் அவருக்கு இரண்டு மனம் இருந்ததே இல்லை.

கேள்வி நேரத்தில் சபாநாயகர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தார். புகழ்வரிகள் தடுக்காமல் வந்தன. "மீனவப் பெண்கள் பிழைப்பைக் கருதி அந்த விடியற்காலைப் பேருந்தை மறுபடியும் இயக்க அரசு முன்வருமா?" என்று கேட்டுவிட்டு, மாடத்தை ஒரு பார்வை பார்த்து உட்கார்ந்தார்.

போக்குவரத்து அமைச்சர் கையிலிருந்த காகிதத்தைப் படித்தார். "மாண்புமிகு உறுப்பினர் ஏற்கெனவே மனுவும் கொடுத்திருந்தார். அரசு அதைக் கவனமாகப் பரிசீலித்தது. மேற்படி பேருந்து நடையை மீண்டும் இயக்குவது நடைமுறைச் சாத்தியமில்லை." சபாநாயகர் அடுத்த கேள்வி எண்ணைச் சொன்னார்.

கேள்வி நேரம் முடியும்வரை அப்பாசாமி எப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. முடிந்ததும் தாழ்வாரத்தில் அமைச்சரை மறித்தார்.

"அண்ணே, என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க?"

"நீ என்னய்யா இத சபையில வந்து கேக்கற? நெசமா வேணும்னா தேதி போட்டிருக்கலாம்ல?"

"போட்டேனே."

அமைச்சரின் செயலாளர் கோப்பைப் பிரித்துக் காட்டினார். பரிந்துரைக்கிறேன். அப்பாசாமி. அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம்.

பார்த்த கணமே அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. பூவாயி மனுவோடு வந்த அன்று பேனாவைத் திறந்தவர், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். அஷ்டமி. மேடையில் நாள் நட்சத்திரத்தையெல்லாம் கிழிகிழியென்று கிழிக்கிற கட்சி அவருடையது. வேட்புமனுவை மட்டும் அவர் நல்ல நேரம் பார்த்துத்தான் தாக்கல் செய்தார். உருப்பட வேண்டிய காரியத்தில் அஷ்டமித் தேதியை எழுத மனம் வரவில்லை. மறுநாள் நவமி, அதுவும் ஆகாது. தசமி அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கையெழுத்தை மட்டும் போட்டு மேஜை ஓரமாக வைத்தார். நவமி அன்று அவர், நாள் பார்க்காமல் நடத்திய கட்சிக்காரர் வீட்டுச் சீர்திருத்தக் கல்யாணம் ஒன்றுக்குப் போயிருந்தார். நரசிம்மன் மேஜையில் இருந்ததையெல்லாம் ஒழுங்காகக் கட்டிக் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். வேறு எந்த மனுவுக்கும் அவர் நாள் பார்த்ததில்லை. இந்த ஒன்றின் மேல் இருந்த அக்கறையால்தான் பார்த்தார்.

"இப்ப போட்டுத் தரேண்ணே" என்று பேனாவை எடுத்தார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சபையில இல்லைன்னு பதிவாயிடுச்சுய்யா. அடுத்த வாரம் உண்டுன்னா எதிர்க்கட்சி சிரிக்கும். வர்ற வருஷம் மானியக் கோரிக்கையில பாப்போம்." அமைச்சர் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

திரும்பும்போது மூன்று பெண்களும் ஜீப்பின் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஓட்டுநர் லட்சுமணன் பக்கத்தில் அப்பாசாமி. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூவாயியே பேச்சை எடுத்தாள்.

"மன்ச கஷ்டப்படுத்திக்காத நைனா. நீ எய்ந்து நின்னு கேட்ட. அத்தினி பேரு எதிர்ல எங்க பேச்ச எட்த்த. அந்த மினிஸ்டரு குடுக்கல, நீ இன்னா பண்ணுவ?"

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. படூர் தாண்டும்வரை அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தார். கேளம்பாக்கத்தில் டீக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு, வேண்டாம் போ என்றார். சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இந்தப் பெண் சாகும்வரை தன்னை நல்லவன் என்றே சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த நினைப்புத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திருப்போரூர் வந்ததும் திரும்பி உட்கார்ந்தார்.

"அக்கா, தப்பு மினிஸ்டர் மேல இல்ல. என் மேலதான்."

சொல்லிவிட்டார். தேதி, அஷ்டமி, கல்யாணம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. ஒரு மறதி, மனுஷனுக்கு வராததா? மன்னித்துவிடுவாள் என்று நம்பினார்.

பூவாயி மற்ற இருவரையும் பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த மஞ்சள் பையை மடியில் வைத்தாள். மாடத்துக்குள் பை கூடாது என்று லட்சுமணனிடம் விட்டுப்போன பை. சபையில் யாராவது கேட்டால் காட்டலாம் என்று கொண்டுவந்திருந்தாள். உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸ் தாள்கள் இருந்தன. முன்பு அவரிடம் கையெழுத்து வாங்கிய ஒவ்வொரு மனுவையும் கல்பாக்கம் கடையில் ஒரு நகல் எடுத்துப் பத்திரம் பண்ணி வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளின் மூலையில் இருந்த மடிப்பையும் கறையையும் வைத்து எது எது என்று அடையாளம் தெரியும்.

"இது தெரு லைட்டு" என்று ஒன்றை நீட்டினாள். "இதுல தேதி கீதா?"

அவர் கையில் வாங்கிப் பார்த்தார். "இல்லக்கா."

"இது தண்ணிக் கொழா."

"இல்ல."

"இது பட்டா. மூணு தபா வந்து நின்னம்."

அவர் வாங்கவில்லை. இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"எம்பொண்ணு ஸ்ரீதேவிக்கு சத்துணவு வேல கேட்டது இது. ரெண்டு வருசம் ஆச்சி. இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு அது போஸ்ட்மேன பாத்துகினே கீது."

"அக்கா, எல்லாத்தையும் செய்ய முடியாதுக்கா. அதனாலதான்..."

பூவாயி தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"முடியாதுன்னு சொல்லிருக்கலாமே. அன்னிக்கே வூட்டுக்குப் போயி வேற வழி பாத்துருப்பமே. நீ கையெய்த்து போட சொல்லோ உன் கையவே பாத்துகினு நிப்பேன். நம்ம வேல முடிஞ்சிச்சின்னு."

மாமல்லபுரம் பிரியும் சாலையில் ஜீப் திரும்பியது. கடற்காற்று உள்ளே வந்தது. அப்பாசாமி ஏதாவது திட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"நாளைக்குக் காலைல உன் வூட்டு வாசல்ல மனு குடுக்க ஜனங்க வருவாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"வருவாங்க."

"நாங்க பதினோரு பேரும் வரோம். இத அவங்களுக்குச் சொல்லணும். பாவம், அவங்களும் காத்துகினு கெடப்பாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் அவள் சரியென்று விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, முன்பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டார்.

"எத்தன மணிக்கு வருவீங்க?"

"ஏழு மணி பஸ்ஸுலதான். கூடை இல்லாம வந்தா ஏத்திக்குவான்."