ஓவன் வைக்க வேண்டிய மூலை

சாக்பீஸ்காரர் என் மனைவியின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். கூச்சத்தில் விரல்களை மடக்கினாள். "விரல நீட்டிக்கங்கம்மா, அளவு தப்பாயிரும்" என்றார். பிறகு அவளுடைய வலது பாதத்தின் மேல் இருந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, எண்ணெயா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் நின்றிருந்த நான் முந்திக்கொண்டேன். "பாலுங்க. கல்யாணமான புதுசுல கொதிக்கிற பாலைக் கால்ல ஊத்திக்கிட்டா. அப்பவே நான் இந்தக் கிச்சன மாத்தியிருக்கணும்." அவர் சிரித்தார். இருபத்தேழு வருடங்களாக வருகிறவர்கள் எல்லோரையும் சிரிக்க வைத்த பேச்சு அது. அவள் அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள்.

அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. சமையலறை போடுவதில் கெட்டிக்காரர். ஆனால் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு முழுச் சமையல் நடக்க வேண்டும் என்பார். அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து கடைசிப் பாத்திரம் கழுவும்வரை முக்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். சமைப்பவர் நிற்கிற இடத்திலெல்லாம் தரையில் வெள்ளைக் கோடு, நடுவில் வந்து போகிறவர்களுக்கு நீலக் கோடு. ஒவ்வொன்றுக்கும் வரிசையாக எண். "வீட்டுக்காரங்க வாயால சொல்றதுல பாதி தப்பா இருக்கும் சார். காலு சரியா சொல்லிரும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். இதென்ன கிறுக்குத்தனம் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் அவர் போட்ட சமையலறைகளை நான்கு வீடுகளில் பார்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயிண்ட் கம்பெனியில் முப்பது வருடம் நிறம் பார்க்கிற வேலை. இரண்டு டப்பா வெள்ளையை அருகருகே வைத்தால் எதில் மஞ்சள் ஒரு சொட்டு கூட என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்றதும் அந்தக் கண் சும்மா இருக்க முடியாமல் சமையலில் இறங்கியது. வீடியோ பார்த்தேன், மூன்று கத்தி வாங்கினேன், சாணை பிடிக்கக் கல் வாங்கினேன், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற இரும்புச் சட்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சமையல். காய் நறுக்கித் தந்துவிட்டு அவள் முன்னறைக்குப் போய்விடுவாள். எனக்கு இடம் விட்டுக் கொடுக்கிறாள் என்று பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பழைய சமையலறையில் நான் கற்றுக்கொண்ட எதையும் செய்ய முடியவில்லை. எங்களுக்குக் கல்யாணமான வருடம் கட்டியது. ரோஸ் நிற ஓடு, ஒரு முழ அகலத்துக்குக் கறுப்புக் கல், மூடினால் திறந்துகொள்ளும் அலமாரிக் கதவுகள், கரும்பச்சை சிமெண்ட் தரை. ஒன்பது தடவை வரைந்து வரைந்து கிழித்துப் பத்தாவதாக ஒரு படம் வைத்திருந்தேன். கதவுகளுக்கு ஆலிவ் இலை நிறம், அதை நானே கலந்து பார்த்திருந்தேன். நீளமான கல் மேடை, ஆழமான இழுப்பறைகள். சன்னலுக்கு எதிர்ப்பக்கம், ஒன்றும் இல்லாமல் சும்மா கிடக்கிற மூலையில், சுவரோடு சுவராகப் பதித்த ஓவன். அந்த ஓவனுக்காகத்தான் மற்ற எல்லாமே என்று சொன்னாலும் தப்பில்லை.

அவர் கோடு போட வந்த அன்று காலை என்னால் முன்னறையில் உட்கார முடியவில்லை. முதலில் இறைச்சியில் உப்பு பார்க்கப் போனேன். இரண்டாவது தடவை தீ அதிகமாக இருப்பதாகத் தோன்றியது. பிறகு மூடியைத் திறந்து பார்க்க, பிறகு கேரட்டை அப்படி நறுக்கக்கூடாது என்று காட்ட, பிறகு மறுபடி உப்பு. ஆறாவது தடவை எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சளைக்காமல் நீல சாக்பீஸை எடுத்து என் காலைச் சுற்றினார். போட்டு முடித்ததும் வெள்ளையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். எங்கே திரும்பினார் என்று நான் கவனிக்கவில்லை. நான் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமையல் முடிந்தது. மூவரும் சாப்பிட்டோம். அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, நோட்டுப் புத்தகத்தை விரித்து, குனிந்து குனிந்து தரையில் இருந்த எண்களைச் சரிபார்த்தார். அடுப்பின் முன்னால் வெள்ளைக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. குழாயடியில் கொஞ்சம். அலமாரியின் முன்னால் கொஞ்சம். அப்புறம் அந்த மூலை. என் ஓவன் மூலை. அங்கே வெள்ளையாக ஆறு ஜோடிப் பாதங்கள்.

"அம்மா, இங்க என்ன எடுக்க வர்றீங்க?"

"அங்க ஒண்ணும் இல்லையே. நான் அங்க போகவே மாட்டேன்" என்றாள் அவள்.

"ஆறு தடவ வந்திருக்கீங்கம்மா." புத்தகத்தில் விரலை ஓட்டினார். "நாலு, நீலம். அஞ்சு, வெள்ளை, மூலை. பதினொண்ணு, நீலம். பன்னெண்டு, மூலை. எல்லாமே அப்படித்தான் இருக்கு. சார் உள்ள வந்தா நீங்க அங்க போயிடுறீங்க. இடம் பத்தாம ஒதுங்குறீங்கபோல. புதுசுல ரெண்டு பேர் தாராளமா நிக்கலாம், ஒதுங்க வேண்டாம்."

நான் சிரித்தேன். "நான் குண்டு, அதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "இல்லையே, நான் அப்படிப் பண்ண மாட்டேனே" என்று சொல்லிக்கொண்டே கீழே பார்த்தாள். அவருக்குத் தொழில் ஆர்வம். "சரி, பாத்துருவோம். அம்மா, நீங்க அடுப்புகிட்ட நில்லுங்க. சார், வெளிய போயிட்டு ஒரு தடவ உள்ள வாங்க" என்றார். விளையாட்டு மாதிரிதான் இருந்தது. நான் வெளியே போய் எண்ணி ஐந்து விநாடி நின்றேன். அவள் அணைத்த அடுப்பின் முன்னால் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அசையக்கூடாது என்று பிடித்திருந்தாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு, மெதுவாக உள்ளே வந்தேன். இரண்டாவது அடி வைத்தேன். அவள் கை மேடையைப் பிடித்தபடியே இருந்தது. இடது கால் பின்னால் போயிற்று. வலது கால் அதன்கூடப் போயிற்று. கையும் மேடையை விட்டது. அந்த ஆறு ஜோடிகளுக்கு மேல் ஏழாவதாகப் போய் நின்றாள்.

நின்ற பிறகுதான் தன் காலைப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. தழும்பு இருந்த காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாக்பீஸ்காரர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை மூடினார். ஏழாவதுக்கு அவர் கோடு போடவில்லை. சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் குரலைத் தணித்து, "திங்கக்கிழமை தரைய உடைக்க வர்றேன் சார். அந்த மூலையில ஓவன் வைக்கலாமா வேண்டாமான்னு வீட்ல பேசி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திரும்பி வந்தபோது அவள் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்றே கேட்டேன்.

"நான் உன்ன ஒரு நாளாவது அடிச்சிருக்கேனா?"

"இல்லங்க."

"அப்புறம் என்ன?"

"எனக்கே தெரியாதுங்க. இன்னைக்கு அவர் சொல்லித்தான் தெரியும்." தட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். "அந்த மூலையில நின்னா உங்க கை எட்டாது. அன்னைக்கு நான் அங்க நின்னிருந்தா பட்டிருக்காது."

"என்னைக்கு?"

"பால் அன்னைக்கு."

"நீதானே கைதவறிப் போட்ட?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் உண்மையாகவே கேட்கிறேனா என்று பார்த்தாள். "டாக்டர்கிட்ட அப்படித்தானே சொன்னோம்" என்றாள்.

நான் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டேன். நான் கையை வீசியதோ பால் பாத்திரம் பறந்ததோ சத்தியமாக எனக்கு ஞாபகம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. வந்தது வேறொன்று. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி. அவள் காலை என் மடிமேல் தூக்கி வைத்திருக்கிறேன். ஈரத்துணி. 'கைதவறி விழுந்துருச்சுன்னு சொல்லு, சரியா? நீயா ஊத்திக்கிட்டன்னு சொல்லு' என்று ஒரு குரல். என்னுடைய குரல்தான். அவள் தலையாட்டுகிறாள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. டாக்டருக்காகச் சொன்னதை அடுத்த வாரம் அவள் அம்மாவிடம் நான் சொன்னேன். பிறகு நண்பர்களிடம். பிறகு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. பால் பாத்திரத்தைக்கூடப் பிடிக்கத் தெரியாதவள் என்று என் மகளே அவளைக் கேலி செய்து வளர்ந்தாள். நான் சொல்லச் சொல்ல இவள் டீ டம்ளர்களை ஒவ்வொருவருக்காக நீட்டிக்கொண்டே சிரித்திருக்கிறாள். இன்று காலையும் சொன்னேன். ஒரு சொட்டு மஞ்சளைக் கண்டுபிடிக்கிற கண் என்று இத்தனை வருடம் பீற்றிக்கொண்டதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"எதுக்கு கோவப்பட்டேன்?" என்று கேட்டேன்.

"டீ லேட்டாயிருச்சு" என்றாள். பிறகு எனக்காகச் சமாதானம் சொன்னாள். "ஆபீஸ்ல என்னவோ பிரச்சனை உங்களுக்கு. என்மேல வீசணும்னு வீசல. அப்புறம் நீங்க அப்படி இருந்ததே இல்ல. விடுங்க, எவ்வளவு வருஷம் ஆச்சு. ஓவன அங்கேயே வைக்கச் சொல்லுங்க. மூலைய நான் என்ன கட்டிக்கிட்டா இருக்கப்போறேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டேனா என்று தெரியவில்லை. ஏதோ சொன்னேன். அவள் "சரிங்க, சரிங்க" என்றாள். அன்று முழுவதும் என் பத்தாவது படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலிவ் இலை நிறம் அழகாகத்தான் இருந்தது. ஓவன் அங்கே வந்துவிட்டால் அவள் கால் எங்கே போகும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. மூலையைச் சும்மா விட்டுவிடலாம் என்று ஓவன் மேல் பென்சிலால் கோடு போட்டு அடித்தேன். அப்படியானால் இன்னும் இருபது வருடத்துக்கும் அவளுக்கு ஒரு மூலை கட்டிக்கொடுக்கிறேன் என்றாகிவிடுமே என்று அழிப்பானை எடுத்தேன். காகிதம் அந்த இடத்தில் மெலிந்து போயிற்று.

மறுநாள் காலையில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. வெறும் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போய் வாசலிலேயே நின்றேன். தரையை அவள் துடைத்திருந்தாள். நீலக் கோடுகள் போய்விட்டன. மூலையில் மட்டும் துணி படவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் தப்பு என்று சொன்ன அதே விதத்தில்.

"உள்ள வரட்டுமா?" என்று கேட்டேன்.

"இதென்ன புதுசா கேக்குறீங்க, வாங்க" என்றாள் திரும்பாமல்.

நான் வலது காலைத் தூக்கி நிலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன். கத்தி நிற்கவில்லை, ஒரே சீராக நறுக்கிக்கொண்டிருந்தது. நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் அளவுக்கு எழும்பி மூலைப் பக்கமாகத் திரும்பி நின்றது. தூக்கிய காலை நான் கீழே வைக்கவில்லை.