ஒரு காலின் அளவு

அந்தத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவளை எல்லோரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் கட்டிங் மாஸ்டர். முப்பது வருஷமாக அவர் வெட்ட, அவள் தைக்க, ஊரில் பாதிப் பேர் உடம்பு அவர்கள் அளவு நோட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. ஆளைப் பார்த்தமாத்திரத்தில் இடுப்பு இத்தனை என்று சொல்லிவிடுகிற மனுஷர், தன் பேண்ட்டே இடுப்பில் நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைக்கு வந்துவிட்டார். குடலில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கட்டி அடங்கியது, கூடவே பசியும் அடங்கிவிட்டது.

"உடம்பு தேறினாத்தான் அடுத்த ரவுண்டு மருந்து ஏத்த முடியும். இப்படியே இளைச்சுக்கிட்டுப் போனா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

வீட்டிலானால் நாத்தனார். வாரம் தவறாமல் வருவாள், அண்ணனைத் தலைமுதல் கால்வரை பார்ப்பாள், அப்புறம் அடுப்பைப் பார்ப்பாள். "ஏன் அண்ணி, எங்கண்ணனுக்கு வாய்க்குப் பிடிச்சதா ஏதாவது செஞ்சு போடுறீங்களா, இல்ல எந்நேரமும் மிஷின்தானா?" என்பாள். வாய்க்குள் போனது வயிற்றுக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஆக்கிப்போடுகிறவள் என்ன செய்வாள்? தலைகீழாக நின்று பார்த்தாள். முட்டை, பால், சூப், அரைத்தது, மசித்தது. இரண்டு வாய் வாங்கிவிட்டு, "போதும்மா, குமட்டுது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சத்தான் நாத்தனார் இருக்கிறாளே.

டாக்டர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். ஹார்மோன் மருந்து, பசியைத் தூண்டும். பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது நர்ஸம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நல்லாக் குலுக்கணும்மா. குலுக்காம ஊத்தினா மருந்தெல்லாம் அடியிலயே தங்கிடும். இந்தச் சின்ன கப்புல கோடு வரைக்கும்தான், கண்ணளவுல ஊத்தக் கூடாது. தினம் ஒரே நேரம். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. முக்கியமா இன்னொண்ணு. இந்த மருந்துல ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிற ஆபத்து இருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கினா, வலிச்சா, மூச்சு வாங்கினா, நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. அந்த நிமிஷமே வந்துடுங்க."

டெய்லரக்கா தலையாட்டிவிட்டு வந்துவிடுகிற ரகமில்லை. அவள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிவந்து, அதை மிஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தி வைத்தாள். காலை எட்டு மணிக்குப் பாட்டிலை முப்பது தடவை குலுக்குவாள், எண்ணிக்கொண்டே. கப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்ப்பாள். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு சொட்டு கூடியதில்லை. அவள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்க எவனுக்கும் வாய் வராது.

நாலாம் நாள் மாஸ்டர், "இந்தா, லேசாப் பசிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவள் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதாள்.

அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் அளவெடுப்பு. ஆஸ்பத்திரித் தராசெல்லாம் அவளுக்கு நம்பிக்கையில்லை; அவளுக்குத் தெரிந்தது இஞ்ச் டேப்தான். குளித்துவிட்டு வந்து துண்டோடு கட்டில் ஓரத்தில் உட்காருவார். வலது பக்கம் சுவர். மார்பு, இடுப்பு, அப்புறம் இடது கை, இடது தொடை, இடது கெண்டைக்கால். டெய்லர் யாரும் இரண்டு காலையும் அளப்பதில்லை. ஒன்றை அளந்தால் மற்றது அதன் ஜோடிதானே. முப்பது வருஷத்தில் அந்தக் கணக்கு ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

இரண்டாம் திங்கள் இடுப்பில் கால் இஞ்ச் கூடியது. மூன்றாம் திங்கள் இன்னும் கால் இஞ்ச். தினமும் பசிக்குது என்று சொல்லியே தட்டைக் காலிசெய்தார். நாலாம் திங்கள் கெண்டைக்காலைச் சுற்றி டேப்பை இழுத்தவள், "அடேயப்பா!" என்று கத்தியே விட்டாள். போன வாரம் பன்னிரண்டு. இப்போது பதிமூன்றேகால்.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு?" என்று ஒரு நிமிஷம் யோசிக்கத்தான் செய்தாள். பிறகு அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். "குடத்துல தண்ணி அடியிலேர்ந்துதானே ரொம்பும்? கீழேருந்து தேறிக்கிட்டு வருது."

"காலு கொஞ்சம் கடுக்குற மாதிரி இருக்கு" என்றார் மாஸ்டர்.

"புதுச் சதை விழுந்தா கடுக்காதா? வலிக்குதா என்ன?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சேச்சே, வலியெல்லாம் இல்ல" என்றார்.

மிஷினுக்கு மேலே நர்ஸம்மாவின் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. வீங்கினால் வா என்று அதில் இருந்ததே தவிர, தேறினால் வா என்று இல்லை. அவள் கண்ணுக்கு அது வீக்கமாகப் படவில்லை, சதையாகப் பட்டது. ஆசை கண்ணை மறைக்கும் என்பது பெரிய படிப்பு படித்தவர்களுக்கும் பொருந்தும், அவள் எம்மாத்திரம்?

அன்று மத்தியானம் நாத்தனார் வந்தாள். டெய்லரக்கா நோட்டை எடுத்து அவள் மடியில் போட்டாள். "படிங்க. சத்தமாப் படிங்க. ஒரே வாரத்துல ஒண்ணேகால் இஞ்ச். நான் மிஷினையே கட்டிக்கிட்டு அழலன்னு இப்பவாவது தெரியுதா?" நாத்தனார் படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். டெய்லரக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! கட்டிலில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் இருவரையும் பார்த்து லேசாகச் சிரித்தார், போர்வையைக் காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பாத்ரூம் படி ஏறியவர் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. "என்னங்க, என்னங்க" என்று அவள் பதற, பதில் சொல்லக்கூட அவருக்கு மூச்சில்லை. எதிர்வீட்டு வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை விலக்கினார். ஒரு டேப்பை எடுத்து இடது கெண்டைக்காலை அளந்தார். பதினாலு. அப்புறம் வலது காலை அளந்தார். பன்னிரண்டு.

"இந்தக் கால்ல ரத்தம் உறைஞ்சு, அதுல ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கு. ரெண்டு காலையும் நீங்க பார்க்கவே இல்லையாம்மா?"

"நாங்க ஒரு பக்கந்தான் சார் அளவெடுப்போம்" என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

உயிர் பிழைத்தது. ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். பசி மருந்து இனி கூடாது என்றார்கள். அதையும் சட்டென்று விட முடியாதாம், வேறு மாத்திரை கொடுத்து மெல்ல மெல்லத்தான் விடவைக்க வேண்டுமாம். அடுத்த ரவுண்டு சிகிச்சை தள்ளிப்போயிற்று. எத்தனை நாள் என்று கேட்டால் டாக்டர் ஃபைலைப் புரட்டினார்.

மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு பையில் அவர் உடுப்புகளைத் திருப்பிக் கொடுத்தாள். டெய்லரக்கா பேண்ட்டை உதறி மடித்தாள். மடிக்கும்போது கை நின்றது. இடது காலின் உள்தையல் முட்டிக்குக் கீழே பிரிக்கப்பட்டு, அரை இஞ்ச் தளர விட்டு, கையால் மறுபடி தைக்கப்பட்டிருந்தது. வலது காலில் பழைய தையல் அப்படியே இருந்தது. அந்தக் கைத்தையல் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

பேண்ட்டை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"எப்பப் பிரிச்சீங்க?"

அவர் போர்வையைக் காலுக்கு மேலே இழுத்தார்.

"கேக்குறேன்ல? எப்பப் பிரிச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமை நீ மார்க்கெட்டுக்குப் போனப்ப" என்றார் மெதுவாக. "இறுக்கமா இருந்துச்சு."

"ஒரு காலு மட்டும் இறுக்கமா இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாது? சுவத்துல தாள் தொங்குது, தினம் நான் வாய்விட்டுப் படிக்கிறேன், அது காதுல விழல?"

"விழுந்துச்சு."

"அப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சொல்லத்தான் இருந்தேன். நீ நோட்டை வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அப்படி நீ சிரிச்சுப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு நாள் போகட்டும், தானா வத்திடும்னு நினைச்சேன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருப்பாள், உடம்பில் இடமிருந்தால். பாவி மனுஷா. என் சிரிப்புக்கா உன் உயிரை விலை வைத்தாய்? யார் கேட்டார்கள் உன்னிடம்?

நர்ஸ் கொண்டுவந்து வைத்த பால் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. வேறொன்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கேட்காமலிருக்கலாம் என்று பார்த்தாள், முடியவில்லை.

"பசிக்குதுன்னு சொன்னீங்களே. அதாச்சும் நெசமா?"

"மொத வாரம் நெசந்தான்" என்றார் மாஸ்டர்.

"அப்புறம்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம் நீ அளக்க ஆரம்பிச்சிட்டியே" என்றார்.