ஒன்று விழ வேண்டிய காட்சி

பதின்மூன்றாவது காட்சி வரை ரெக்ஸன் உயிரோடு இருந்தான். பதினான்காவது காட்சியில் செத்துப்போனான். எடுத்தது நகைச்சுவைப் படம் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இசக்கிதுரை மட்டும் எடுத்துக்கொண்டான். ரெக்ஸனைக் கொன்ற எண் அவன் கையிலிருந்துதான் விழுந்தது.

பகடை உருட்டி, தங்களை வீரனாகவும் மந்திரவாதியாகவும் நினைத்துக்கொண்டு விளையாடும் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிய படம் அது. எடுத்தவர்களும் அதே மாணவர்கள்தான். நிலவியல் துறையின் மாடித் தாழ்வாரம் குகை. போர்வை போர்த்திய டேபிள் ஃபேன் டிராகன். ரெக்ஸன் குள்ள வீரன். தேங்காய் நாரில் அவனுக்குத் தாடி. இசக்கிதுரை வைத்தியன், வேதியியல் துறையில் இரவல் வாங்கிய வெள்ளைக் கோட்டு.

ஆட்டத்தை நடத்துகிறவள் ஜன்னத். அவள் வாயால் சொன்னால் அது நடந்துவிடும். மழை பெய்கிறது என்றால் தாழ்வாரம் நனையும். குகை நீண்டுகொண்டே போகிறது என்று ஒரு தடவை சொல்லித் தொலைத்துவிட்டாள். அன்றிலிருந்து தாழ்வாரம் நீண்டுகொண்டிருந்தது. கடைசி வகுப்பறைக்குப் போகிறவர்கள் கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் புகார் சொல்லவில்லை. பரீட்சை அந்தப் பக்கம்தான் நடந்தது.

இயக்குநர் கோமதிநாயகம். படத்துக்குத் தேவையான சிரிப்பை முன்கூட்டியே மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தான். வேண்டும்போது திறப்பான். போதும் என்றால் முழங்காலால் தள்ளி மூடுவான்.

பதினான்காவது காட்சியில் டிராகன் ஊதிய நெருப்பு சுட்டு வீரன் விழுவான். வைத்தியன் மந்திரம் சொல்லிப் பகடையை உருட்டுவான். இருபது முகமுள்ள பகடை. இருபது விழுந்தால் யோகம், ஒன்று விழுந்தால் குடி முழுகியது. ஸ்கிரிப்டில் ஒன்று விழ வேண்டும் என்று போட்டிருந்தது. மந்திரம் தலைகீழாகி வீரன் சாவான். அங்கே சிரிப்பு.

ஒன்று விழவே இல்லை. பதினாறு விழுந்தது. ரெக்ஸனுக்கு ஒரு மாதமாக இருந்த சளி போயிற்று. பதினெட்டு விழுந்தது. பிடுங்கிப் போட்ட கடைவாய்ப்பல் திரும்ப முளைத்தது.

"ஏல, அவன் தேறிக்கிட்டே போறாம்ல" என்று கோமதிநாயகம் கத்தினான். "வெளிச்சம் போவுது. சீக்கிரம் கொல்லு."

"நல்லாத்தாம்ல இருக்கு" என்றான் ரெக்ஸன், நாக்கால் புதுப் பல்லைத் தடவிக்கொண்டே. "இன்னும் ரெண்டு தடவ போடு."

இசக்கிதுரை போட்டான். ஒன்று விழுந்தது. "செத்தான்" என்றாள் ஜன்னத். ரெக்ஸன் செத்தான். டிராயர் திறந்தது.

"ஓகே" என்றான் கோமதிநாயகம்.

உடம்பை எடுக்க அவன் விடவில்லை. அடுத்த காட்சியிலும் அது அதே இடத்தில் கிடக்க வேண்டுமாம். நகர்த்தினால் கண்டினியூட்டி போய்விடுமாம். மாணவர்கள் ரெக்ஸனைத் தாண்டித் தாண்டி வகுப்புக்குப் போனார்கள். ஒரு பேராசிரியர் குனிந்து பார்த்து, "தாடி நல்லா வந்திருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். இசக்கிதுரை பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினான். அழுகை வந்தது. இரவல் கோட்டு என்பதால் அதில் துடைக்காமல் கையால் துடைத்தான்.

ரெக்ஸனின் சட்டைப் பையில் போன் அடித்தது. இசக்கிதுரை எடுத்தான். மணப்பாட்டிலிருந்து ரெக்ஸனின் அம்மா பிலோமினா.

"இசக்கியா? அவன் எங்க மக்கா?"

"ஷூட்டிங்ல இருக்கான்மா."

"நல்லா நடிச்சானா?"

"செத்துட்டான்மா." "சீன்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"அப்ப சரி. ஞாயித்துக்கிழம வாறேன். ரெண்டு பேருக்கும் மீன் கொழம்பு கொண்டாறேன். அவனைச் சாப்பிடாம இருக்கச் சொல்லு."

அன்று சனிக்கிழமை. இசக்கிதுரை எழுந்து ஜன்னத்திடம் ஓடினான்.

"அவன எழுப்பணும் ஜன்னத்."

"செத்தவனுக்கு எண்ணு கெடையாது."

"இருபது போட்டா?"

"அடக்கம் நல்லா நடக்கும்."

"நீ செத்தான்னு சொன்னத வாபஸ் வாங்கு."

"வாங்க முடிஞ்சா இந்தத் தாழ்வாரத்த மொதல்ல வாங்கியிருக்க மாட்டேனா?" என்றாள் ஜன்னத். அவள் வீட்டுக்குப் போயே மூன்று நாள் ஆகியிருந்தது. படிக்கட்டு தள்ளிப் போய்விட்டது.

இசக்கிதுரை கையிலிருந்த பகடையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"எங்க வீட்ல ஒண்ணு விழுந்தா தாயம்" என்றான். "வெளிய கெடக்குற காய் உள்ள எறங்கும். ஒண்ணு விழாம யாரும் ஆட்டத்துக்குள்ளயே வர முடியாது."

"எங்க வீட்லயும் அப்படித்தான்."

"அப்ப அத ஆடுவோம்."

ஜன்னத் விரலை நீட்டி எச்சரித்தாள். "மாறுனா மொத்தமா மாறணும். எனக்கு வேணுங்கிறத மட்டும் எடுத்துக்கிடுதேன்னு சொல்லக் கூடாது."

"மொத்தமாவே மாறு."

"மாறியாச்சு" என்றாள் ஜன்னத். தாழ்வாரத்தின் தரையில் கட்டங்கள் தெரிந்தன. எப்போதும் இருந்த சிமெண்ட் கட்டங்கள்தான்.

இசக்கிதுரை ரெக்ஸனின் தலைமாட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பகடையை உருட்டினான். ஏழு, பதினான்கு, பத்தொன்பது என்று நல்ல நல்ல எண்ணாக விழுந்து தொலைத்தது. வேண்டாதபோது ஒன்று வந்து நின்றது. இப்போது கும்பிட்டுக் கூப்பிட்டாலும் வரவில்லை. கோமதிநாயகம் காமிராவை ஓடவிட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் ஒரு தடவை டிராயரைத் திறந்து பார்த்து, சிரிப்பு இன்னும் கெட்டுப்போகவில்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பிலோமினா தெரிந்தாள். தூக்குவாளியோடு நடந்து வந்தாள். நடந்தாள், நடந்தாள், வந்து சேரவில்லை. குழம்பின் வாசம் முதலில் வந்து சேர்ந்தது. அந்தத் தாய் முகத்தில் எப்படி விழிப்பது என்று இசக்கிதுரைக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினான்.

"தாயம்" என்றாள் ஜன்னத்.

ரெக்ஸன் எழுந்து உட்கார்ந்தான். "ஏல, பசிக்குதுல" என்றான். இசக்கிதுரை அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். நார்த்தாடி கன்னத்தில் குத்தியது. அவ்வளவு சந்தோஷமாக அவன் ஒருபோதும் இருந்ததில்லை.

"எந்தக் கட்டத்துல எறங்கியிருக்கான்?" என்று ஜன்னத் கேட்டாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒரே கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு கட்டத்துல ரெண்டு பேரு இருக்க முடியாது" என்றாள். "ஏற்கெனவே இருந்தவன் வெட்டுப்பட்டுருவான்."

"மலையில இருந்தா வெட்ட முடியாதுல்லா?" என்றான் இசக்கிதுரை. தாயத்தில் குறுக்குக்கோடு போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். அங்கே நிற்கும் காயை யாரும் தொட முடியாது.

"இது மலை இல்ல. நிலவியல் துறை."

"ஜன்னத்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அவள். "வெட்டு."

"கட்! ஓகே!" என்றான் கோமதிநாயகம். தன் வார்த்தையை யாரோ தமிழில் சொன்னதாக நினைத்துக்கொண்டான்.

இசக்கிதுரை வெளியே இருந்தான். வெளியே என்பது தாழ்வாரத்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம். மாடி என்பதால் அங்கே நிற்க இடம் கிடையாது. அவன் அங்கே நின்றான்.

பிலோமினா வந்து சேர்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகன் தாடியைப் பிய்த்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு தட்டு எடுத்துப் போட்டாள்.

"ஒன் கூட்டாளி எங்க?"

"வெட்டுப்பட்டுட்டான்மா" என்றான் ரெக்ஸன், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"சிரிச்சாங்களா?"

கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டிராயரைத் திறந்தான். எல்லாம் சிரித்து முடித்ததும் மூடினான்.

"பாவம், புள்ள காலையிலருந்து சாப்பிட்டிருக்காது" என்றாள் பிலோமினா. "கொழம்பு ஆறுது. ஒரு தாயத்தப் போடு. உள்ள வரட்டும்."

ரெக்ஸன் தட்டைத் தள்ளி வைத்தான். இடக்கையால் பகடையை எடுத்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, "இருல, இப்ப எடுத்துருதேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. உருட்டினான்.

பகடை தாழ்வாரத்தில் ரொம்ப தூரம் ஓடி நின்றது. கோமதிநாயகம் பின்னாலேயே ஓடிப் போய்ப் பார்த்தான்.

"இருபது!" என்று அங்கிருந்து கத்தினான். "ஏல, இருபது! படம் ஆரம்பிச்சதிலருந்து விழாத எண்ணுல! இதுக்கு மேல என்ன வேணும்? படம் முடிஞ்சுது, பேக்கப்!"

எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து தட்டினார்கள். பிலோமினா குழம்புக் கையோடு தட்டினாள். ஜன்னத் மட்டும் தட்டவில்லை. பகடையை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினாள்.

ஜன்னலுக்கு வெளியே இசக்கிதுரையும் கைதட்டினான். இருபது நல்ல எண்தான்.