உறவு இல்லை என்று ஒரு வார்த்தை

அன்றைக்குக் காலையில் சலூன்காரர் அதைச் சொன்னது சவரத்துக்கு முன்னாலா, நடுவிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடுவில் என்றே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் கவுன்சிலர் பதில் சொல்லவில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

"கத்தி கழுத்துல இருக்கும்போதுதான் நீ வாயை மூடுறே. அதனால இப்பவே சொல்லிடறேன். இன்னிக்குப் போய் உட்காரு, கையைத் தூக்கு, வா. எனக்காக வேற எதுவும் கேட்டதில்ல."

கடைத்தெருவை அகலப்படுத்த ஒரு பக்கத்துக் கடைகளை இடிப்பதாகத் திட்டம். சலூன் அந்தப் பக்கம். எதிர்ப்பக்கம் வெறும் மதில்தான், அதைத் தள்ளிக் கட்டினால் போதும் என்று கவுன்சிலர் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். அவர் ஓட்டும் விழுந்தால் சரிசமம். பிறகு மேயரம்மா தன் ஓட்டால் கைகொடுப்பார்.

கவுன்சிலர் கண்ணாடியைப் பார்த்தார். தன் முகத்துக்கு மேலே சலூன்காரரின் முகம், உதட்டைக் கடித்தபடி. இத்தனை வருஷமும் ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே சண்டை. முதல் தேர்தலில் எதிர்த்து நின்றவர்கள் இதைத்தான் துண்டறிக்கையாக அடித்து வீடுவீடாகப் போட்டார்கள். அவர் தெருமுனையில் நின்று, "ஆமா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வாழறோம். அது இருக்கட்டும், உங்க தெருவுக்குக் குப்பை வண்டி வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். ஜனங்கள் சிரித்தார்கள், ஓட்டும் போட்டார்கள். அதற்கப்புறம் மூன்று தேர்தல். சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை. நடுநடுவே மேடை மேடையாக ஏறி, "நாங்களும் குடும்பம்தான்" என்று தொண்டை வறளப் பேசியாகிவிட்டது. இப்போதெல்லாம் அந்த வாக்கியம் வாயில் வந்தாலே கொட்டாவியும் சேர்ந்து வந்தது.

மாநகராட்சி மன்றத்தில் மின்விசிறி கிறீச்சிட்டது. திருத்தம் வாசிக்கப்பட்டதும் இன்னொரு உறுப்பினரான மரக்கடைக்காரர் எழுந்தார். அகலத் தெரு வந்தால் அவர் லாரிகள் நேரே உள்ளே வரலாம்.

"மேயரம்மா, ஒரு சின்ன சந்தேகம். சொந்தக்காரங்க சொத்து சம்பந்தப்பட்டா உறுப்பினர் வெளியே போயிடணும்கிறது விதி. சலூன்காரர் நம்ம கவுன்சிலர் தம்பிக்கு என்ன உறவு?"

மேயரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "விதியில கணவன், மனைவி, பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்கன்னுதான் இருக்கு. கவுன்சிலர் சார், அப்படி உறவு எதுவும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிச்சிடலாம்." குரலில் கெஞ்சல் இருந்தது.

சட்டப்படி அது பொய்கூட இல்லை. சொன்னால் கடை பிழைக்கும். கவுன்சிலர் எழுந்தார், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். கொள்கை என்று எதுவும் அப்போது அவருக்குத் தோன்றவில்லை. காலையில் கண்ணாடியில் பார்த்த, கடித்த உதடுதான் தோன்றியது.

"அவர் என் வீட்டுக்காரர்."

"வாடகை எவ்வளவுங்க?" என்றது பின்வரிசை. சிரிப்பு கொல்லென்று எழுந்தது. அது அடங்குவதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே கைகளை எண்ணும் குரல் கேட்டது. ஒரே ஓட்டில் திருத்தம் தோற்றது.

அவர் நடந்து கடைக்கு வருமுன் சேதி வந்துவிட்டிருந்தது. சலூன்காரர் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு சொல்ல நாக்குல புண்ணா?"

"வரல."

"ஊருக்கெல்லாம் பேசுற வாய். எனக்காக ஒரு பொய் வரலியா?"

"உன்னைப் பத்தின பொய்யாச்சே."

துடைப்பம் நின்றது. "வசனம் நல்லாருக்கு," என்றார் சலூன்காரர். "மேடையில சொல்லு, கைதட்டுவாங்க. எனக்குக் கடை போச்சு." கவுன்சிலர் வழக்கமான நாற்காலியில் உட்காரப் போனார். "அதுல உட்காராதே. எழுந்திரு." எழுந்தார். பிறகு இருவரும் ஒன்றாகத்தான் கடையைப் பூட்டினார்கள். ஷட்டரின் ஒரு பக்கம் எப்போதும் சிக்கும், தனியாளாக இழுக்க முடியாது.

தெரு அகலமானது. மேயரம்மா ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மரக்கடைக்காரர் இப்போது மேயர். கவுன்சிலர் அடுத்த தேர்தலில் தோற்றார். காரணம் இதுவல்ல, மழைக்கு அடைத்துக்கொண்ட ஒரு சாக்கடை. சலூன்காரர் வீட்டின் முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டு வேலை செய்கிறார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வருகிறார்கள். இருவரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள், சேர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். சவரம் மட்டும் கவுன்சிலர் தானே செய்துகொள்கிறார். மோவாய்க்குக் கீழே எப்போதும் கொஞ்சம் விட்டுப்போகிறது.