மூன்று மாத நோட்டீஸ்

உலகத்தைத் தாங்கி நிற்பவர்கள் பொறியாளர்கள். பாலமும் அணையும் மின்சாரமும் மட்டுமல்ல, மனித குலத்தின் நாளைய பொழுதே அவர்கள் தோளில்தான் விடிகிறது. பட்டமளிப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் இதை நாற்பது நிமிடம் சொன்னார். உலகத்தைத் தாங்க வேண்டிய தோள்கள் எண்ணூற்றுச் சொச்சம், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தன. அங்கியை ஐந்து மணிக்குள் திருப்பித் தராவிட்டால் முன்பணம் போய்விடும் என்பதால் கடைசிப் பத்து நிமிடப் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை.

அந்தத் தோள்களில் ஒரு ஜோடிக்குச் சொந்தக்காரியை அன்று மாலையிலிருந்து தெருவே 'இன்ஜினியர்' என்று கூப்பிட ஆரம்பித்தது. மின்னியல், மின்னணுவியல், முதல் வகுப்பு. பட்டமும் இருந்தது, பட்டப்பெயரும் இருந்தது. வேலை ஒன்றுதான் குறை. காய்கறிக்காரர் அவளைக் கண்டதும், "இன்ஜினியர் வந்துட்டாங்க, நல்லதாப் பாத்து எடுத்துப் போடு" என்பார். முதல் ஆறு மாதம் அது மரியாதையாக இருந்தது. பிறகு அதே வார்த்தை, அதே ஆள், அதே கத்தரிக்காய்தான். ஆனாலும் அவள் தெருவின் மறுபக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

போன இடத்திலெல்லாம் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். வேலை கிடைத்தால்தான் அனுபவம். அனுபவம் இருந்தால்தான் வேலை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழைய கதை. யோசித்துப் பார்த்தால் பைத்தியத்தின் நிலைமை மேல். அதற்குப் பட்டம் வாங்க யாரும் நகையை அடகு வைப்பதில்லை.

இருபத்தாறாவது மாதம், லிஃப்ட் பொருத்தும் கம்பெனி ஒன்று சர்வீஸ் இன்ஜினியர் தேவை என்றது. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்ப வேண்டும். அனுபவம் எத்தனை வருடம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள். அடுத்த பக்கம் திறக்கவில்லை. ஒன்று போட்டாள். திறக்கவில்லை. இரண்டு போட்டதும் கதவு திறந்து, "நன்றி" என்றது.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நடுவில் இருந்தவர் இரண்டு முறை தலையாட்டினார். கிளம்பும்போது, "எல்லாம் திருப்தி. அனுபவச் சான்றிதழ மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு வருஷம்னு பொய்யா சொன்னே?"

"நான் எங்கம்மா சொன்னேன்? கம்ப்யூட்டர் வேற எதையும் ஏத்துக்கல."

அம்மா கொஞ்ச நேரம் நியாய தர்மத்தை யோசித்தாள். "அதுவே கேட்டா நாம என்ன பண்றது" என்று முடிவுசெய்து தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

அம்மாவின் தம்பி, அதாவது மாமா, தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஃபேன், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின். ஒரே அறை. ஷட்டர் பாதிக்கு மேல் ஏறாது என்பதால் வாடிக்கையாளர்கள் குனிந்துதான் வருவார்கள். அதை மாமா மரியாதை என்றே எடுத்துக்கொள்வார். அங்கே வேலை செய்தது ஒரே ஒருவர். தூங்கும்போதும் சட்டைப்பையில் ஸ்பேனர் இருக்கும் என்பதால் அவருக்கு 'ஸ்பேனர் அண்ணன்' என்று பெயர். மாமா முதலாளி. முதலாளி வேலை செய்வதில்லை. வேலை நடக்கிறதா என்று பார்ப்பார்.

அக்கா கேட்டால் உயிரைக் கொடுக்கிறவர். வெறும் சான்றிதழா கொடுக்கமாட்டார்? அன்றைக்கே அச்சகத்துக்குப் போய் நாலு வண்ணத்தில் லெட்டர்பேட் அடித்தார். 'அகில உலக மின் பொறியியல் தீர்வுகள்' என்று மேலே வளைந்த எழுத்தில் இருந்தது. அகில உலகமும் அந்தத் தெருமுனையில் ஆரம்பித்து அடுத்த தெருமுனைக்குள் முடிந்தது. கீழே 'நிர்வாக இயக்குநர்' என்று ரப்பர் ஸ்டாம்ப்.

கடிதத்தைப் படித்த இன்ஜினியர் ஓரிடத்தில் நின்றாள். "மாமா, 'இன்றுவரை பணிபுரிந்து வருகிறார்'னு இருக்கே. வேலைய விட்டுட்டான்னு போட்டாத்தானே உடனே சேர முடியும்?"

"நீ படிச்சவ, உலகம் தெரியாது. வேலையில்லாதவளுக்கு எவன் வேலை குடுப்பான்? கையில ஒண்ணு இருந்தாத்தான் இன்னொண்ணு வரும். எனக்குப் பொண்ணு பாத்தப்பவும் இதான் நடந்துச்சு."

"உங்களுக்குக் கையில இன்னொரு பொண்ணு இருந்துச்சா மாமா?"

"இருக்குன்னு சொன்னோம்."

கடிதம் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை கம்பெனியின் பணியாளர் பிரிவிலிருந்து கடைக்குப் போன் வந்தது. இன்ஜினியரும் அங்கேதான் இருந்தாள். அவள் கேட்கட்டும் என்று மாமா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமி, சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

"வணக்கம் சார். உங்க கம்பெனியில வேலை செய்ற ஒருத்தரப் பத்தி விசாரிக்கணும்." பெண் குரல், களைத்த குரல். பட்டியலில் இது பதினைந்தாவது போனாக இருக்கலாம்.

"தாராளமா. மீட்டிங்ல இருந்தேன். பரவால்ல, சொல்லுங்க."

"அவங்க வேலை எப்படி சார்?"

இங்கே 'நல்லா செய்வாங்க' என்று சொல்லி வைத்திருந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையில் மாமாவிடம் ஒரு பெரிய கம்பெனி கருத்துக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பொண்ணு இல்லன்னா எங்க கம்பெனியே நின்னுடும்மா. நாப்பது பேரு வேலை செய்றாங்க, மூணு ஷிஃப்டு. எல்லாருக்கும் தலைமை அவதான்."

வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டிருந்த ஸ்பேனர் அண்ணன் தலையை வெளியே எடுத்தார். "அந்த நாப்பதும் நானா முதலாளி?" என்று வாயசைத்துக் கேட்டார்.

"ரொம்ப நல்லது சார்," என்றது குரல். "எங்களுக்கு வர்ற வாரமே ஆள் வேணும். எப்ப அனுப்புவீங்க?"

இன்ஜினியர் இரண்டு கையாலும் 'இப்பவே, இப்பவே' என்று காட்டினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். உலகத்தரமான ஒரு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாரோ அது அவருக்குள் தானாக ஊறி வந்தது.

"எடுத்தேன் கவுத்தேன்னு அனுப்ப முடியாதும்மா. மூணு மாசம் நோட்டீஸ். எங்க கம்பெனி விதி."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது எப்படி என்று இன்ஜினியர் நேரில் பார்த்தாள். சத்தமே வரவில்லை. மறுமுனையில் கொஞ்ச நேரம் ஏதோ இசை ஓடியது. அது ஓடி முடிவதற்குள் அவள் மனதில் மறுபடியும் அந்தக் கத்தரிக்காய்க் கடை வந்துபோனது.

"சார், மேனேஜர்கிட்ட கேட்டேன். நாப்பது பேரைக் கட்டி மேய்க்கிறவங்கன்னா மூணு மாசம் காத்திருக்கலாம்னு சொல்றாரு. அதுவரைக்கும் வேற ஆள வச்சு சமாளிச்சுக்குறோம். நடுவுல எங்க ஆளு ஒருத்தர் நேர்ல வந்து பாத்துட்டுப் போவாரு. என்னைக்குன்னு சொல்லமாட்டோம்."

மாமா போனை வைத்து, வேர்வையைத் துடைத்து, வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். "பாத்தியா? கெத்தா நின்னா காத்துக்கிட்டு நிப்பாங்க."

"நேர்ல வருவாங்களாம் மாமா."

"வரட்டும். நாளையிலேர்ந்து நீயும் வந்துடு. ஒம்பது மணிக்கு."

இப்படியாக, இரண்டு வருடமாகப் பார்த்துவந்த வேலையில் இன்ஜினியர் முதன்முதலாகச் சேர்ந்தாள்.

முதல் வாரமே மாமா மாறிப்போனார். பொய்யை எழுதியவரே அதை முதலில் நம்பினார். வருகைப் பதிவேடு வாங்கினார். ஒன்பது பத்துக்கு வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார். தோழியின் திருமணத்துக்கு ஒருநாள் லீவு கேட்டதற்கு, "நோட்டீஸ் காலத்துல லீவு கிடையாதும்மா, விதி" என்றார். அன்றிரவு சாப்பிடும்போது அவள் அம்மாவிடம் முறையிட்டாள். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "எந்த வேலையிலதான் கஷ்டம் இல்ல, சொல்லு" என்றாள். பக்கத்து வீட்டில் அவள் ஏற்கெனவே, "எம்பொண்ணு கம்பெனியில லீவே தரமாட்டேங்கிறாங்க" என்று குறைபட்டுக்கொண்டுவிட்டாள். குறை சொல்ல ஒரு கம்பெனி கிடைத்ததில் அவளுக்குத் தனி நிம்மதி.

ஸ்பேனர் அண்ணன் அதுவரை அவளைப் 'பாப்பா' என்பார். பதிவேடு வந்த நாளிலிருந்து 'மேடம்' ஆக்கினார். நாற்பது பேரும் சேர்ந்து சொல்லும் அழுத்தத்துடன் சொன்னார். எதைக் கேட்டாலும், "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று கருவியைத் தன் பக்கமாக நகர்த்திக்கொள்வார்.

இரண்டாவது வாரம் அவளே ஓர் அயர்ன் பாக்ஸை எடுத்துப் பிரித்தாள். தாளில் சுற்றுப்படம் வரைந்தாள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தகடு கெட்டிருக்கிறது என்று மதியத்துக்குள் கண்டுபிடித்தாள், சரியாகவே கண்டுபிடித்தாள். தகட்டை மாற்றி மூடியபோது மேசையில் ஒரு ஸ்க்ரூ மீதம் இருந்தது. இன்னொரு முறை பிரித்து மூடினாள். இப்போது இரண்டு இருந்தது. ஸ்பேனர் அண்ணன் இரண்டையும் எடுத்து ஒரு டப்பாவில் போட்டார். டப்பாவில் 'மேடம்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

ஆனால் கடைக்கு வரும் போனை அவள் எடுக்கத் தொடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. என்றைக்கு வாஷிங் மெஷின் தயாராகும் என்று வாடிக்கையாளருக்கு ஒரு தேதி கிடைத்தது. அந்தத் தேதியில் தயாராகவும் இருந்தது. இருபது வருடத்தில் அந்தக் கடை இதைக் கண்டதில்லை.

ஏழாவது வாரம், புதன்கிழமை, ஷட்டருக்குக் கீழே குனிந்து ஓர் இளைஞன் வந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான். கையில் கோப்பு.

"சரிபார்ப்புக்கு வந்திருக்கேன். அகில உலக..." என்று கோப்பைப் பார்த்தவன், சுற்றிலும் பார்த்தான். எட்டடிக்குப் பத்தடி. மூன்று வாஷிங் மெஷின், தொங்கும் ஃபேன்கள், ஸ்பேனர் அண்ணன். "மத்தவங்க எல்லாம்?"

"சைட்ல இருக்காங்க," என்றார் மாமா.

"மூணு ஷிஃப்டுன்னு போட்டிருக்கு."

"காலையில நான் முதல் ஷிஃப்டு," என்றார் ஸ்பேனர் அண்ணன். "சாப்பிட்டு வந்தா ரெண்டாவது."

இன்ஜினியர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வாரம், இருபத்தாறு மாதம், நான்கு வருடம் எல்லாம் அந்தக் கோப்பில் ஒரு டிக்காக நின்றன. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மேசையிலிருந்த சுற்றுப்படத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நீங்களும் முதல் வகுப்பா?"

"ம்."

"நான் சிவில். மூணு வருஷமாச்சு. இந்த வேலைக்கு, பாத்துட்டு வர்ற ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவுன்னு காசு." கட்டங்களில் வரிசையாக டிக் போட்டான். ஒன்றையும் விடவில்லை. நாற்பது பேர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, அங்கேயும் போட்டான். பேனாவை மூடிக்கொண்டு மாமா பக்கம் திரும்பினான். "சார், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ஒரு ரெண்டு வருஷம் போட்டுத் தர முடியுமா? எங்க போனாலும் அதைத்தான் கேக்குறாங்க."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு மாத அதிகாரம் அவர் முதுகைத் தூக்கி நிறுத்தியது.

"தம்பி, அதெல்லாம் கண்டவங்களுக்கும் குடுக்குறதில்ல. இது ஒழுங்கான கம்பெனி."

இளைஞன் இன்ஜினியரைப் பார்த்தான். அவள் போனை எடுத்தாள். போன் அடிக்கவில்லை, இருந்தாலும் எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்றாள். அவன் குனிந்து வெளியே போனான்.

மூன்று மாதம் முடிந்தது. லிஃப்ட் கம்பெனியிலிருந்து நியமனக் கடிதம் வந்தது; திங்கட்கிழமை சேர வேண்டும். தெருவில் காய்கறிக்காரர், "இன்ஜினியர் வேலைக்குப் போறாங்களாம்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அவள் தெருவில் அவர் கடை இருந்த பக்கமாகவே நடந்து, நின்று கத்தரிக்காய் வாங்கினாள்.

சனிக்கிழமை மாமா விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. கடையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலைதான் அது, நிஜமான கவலை. "நீ இல்லாம இந்தக் கம்பெனி நின்னுடும்" என்றார். முன்பு போனில் சொன்ன அதே வாசகம். இம்முறை பொய்யில்லை.

"ஒரு ஆள் போட்டுக்கோங்க மாமா."

"ஆமா, போர்டு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டுப் போ. உன் கையெழுத்து அழகா இருக்கும்."

அட்டை ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, தடித்த பேனாவில் 'இன்ஜினியர் தேவை' என்று எழுதினாள். கீழே இடம் நிறைய இருந்தது. இன்னும் ஒரு வரி எழுதினாள். ஸ்பேனர் அண்ணன் அதை வாங்கி ஷட்டரில் கட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சரிபார்ப்பு இளைஞன் அந்த வழியாகப் போனான். போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினான். முதல் வரியைப் படித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டாவது வரியையும் படித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

'இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று இருந்தது. மாமா அதை எழுதச் சொல்லவில்லை. இன்ஜினியர் தானாகத்தான் எழுதினாள்.