ஆந்தை அலறிய வீட்டில் பால்

முத்துவீரனின் வாயில் அவர் தங்கச்சி பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெஞ்சுச் சளியில் மூச்சுக்குத் தவிக்கிற மனிதனின் கடைவாயில் அது வழிந்து, தலையணை புளித்து நாறியது. அந்த நாற்றத்தைக்கூட மருமகள் சுமித்ராவால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, குழியை எங்கே வெட்டுவது என்று பேசிக்கொண்டிருந்த சனத்தைத்தான் முடியவில்லை.

உடனே பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் அஜந்தனும் லொறி கேட்கக் கிளம்பினவன்தான். பொழுது சாயும் நேரம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஆந்தை அலறியது. மறுநாளும் அலறியது. அடுப்பில் உப்பும் மிளகாயும் போட்டுப் பார்த்தும் அது வாயை மூடவில்லை. கிளம்பினவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஆந்தையே கூப்புட்டிருச்சு. ஆஸ்பத்திரியில செத்தா பொணத்தக் கொண்டாற எம்புட்டு அலைச்சல் தெரியுமா?"

பெற்ற அப்பனைப் பற்றிய பேச்சு இது! கடைக்குப் போய்க் கோடி வேட்டிகூட வாங்கி வைத்துவிட்டான்.

இன்றைக்கும் அலறல் கேட்டது. சுமித்ரா விறகுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அதை விரட்டப் போனாள். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். பறவைகளை ஆராயக் கொழும்பிலிருந்து வந்து, துரை பங்களாவில் தங்கியிருக்கும் நூரியா. அவள் கையிலிருந்த டேப் ரெக்கார்டர்தான் அலறிக்கொண்டிருந்தது.

"இருட்டில கண்ணுக்குத் தெரியாத பறவைய எப்படிக் கண்டுபுடிக்கிற அக்கா? ஆந்தையில எத்தனையோ வகை, ஒவ்வொண்டுக்கும் குரல் வேற. அதுட குரலப் போட்டா, இது என்ட எடம்னு உண்மையான ஆந்தை பதில் சொல்லும்."

சொல்லி வாய் மூடவில்லை, காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. நூரியாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. சுமித்ரா அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, எல்லார் முன்னாலும் பெட்டியை அலறவிட்டாள். வெற்றிலை மென்ற வாய்களெல்லாம் நின்றுபோயின.

அஜந்தன்தான் முதலில் பேசினான். "சரி, இது டேப்பு. காட்டுக்குள்ளயும் ஒண்ணு கத்துச்சே, அது நெச ஆந்தைதானே?"

"ஆமா," என்றாள் நூரியா, ஒன்றும் புரியாமல்.

"அப்புறமென்ன?" என்று பால் கிண்ணத்தை எடுத்து, அடுத்துப் பால் ஊற்ற வேண்டியவளிடம் நீட்டினான்.

சீ, இவனோடா இத்தனை வருஷம் ஒரே தட்டில் தின்றோம் என்றிருந்தது சுமித்ராவுக்கு. கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் வீசினாள்.

"அது எடத்த அது சொல்லுது. இந்த மனுசனுக்கு இங்க எடம் இருக்குன்னு சொல்ல ஒங்கள்ல ஒரு நாதி இல்லையே!"

அப்போதுதான் நூரியாவுக்கு விஷயம் விளங்கியது. முகம் வெளிறிப்போனது. "ஜீப் கீழ நிக்குது அக்கா. தூக்குங்க, போவம்."

இருவருமாக அவரைத் தூக்கினார்கள். வெளியே குளிர்காற்று. போர்த்த வேறெதுவும் கைக்கு அகப்படாமல், சுமித்ரா அந்தக் கோடி வேட்டியை உதறிப் போர்த்தினாள்.

"உசுரோட இருக்கவருக்குக் கோடி போத்தாதடி!" என்று தங்கச்சிக்காரி அலறினாள்.

"பால் மட்டும் ஊத்தலாமா?"

ஜீப்பில் படுக்கவைத்ததும் முத்துவீரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேரமும் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது.

"எனக்கு இனிமே பால் வேணாம்மா," என்றார்.