கேட்காமல் போன படம்

"நான் கறம்பக்குடி போயிட்டு வாரதுக்குள்ள ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணி வையி புள்ள. ஓசின்னு பேரு, ஒரு வாரமா ஒன்னையத் திங்குது" என்று பாசிலாவிடம் சொல்லிவிட்டுத்தான் பரக்கத் நிஷா பஸ் ஏறினாள்.

ஆலங்குடியில் அவள் நடத்தும் கல்யாணத் தகவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் பாசிலா. விசாரிப்புகளுக்கு வாட்ஸ்அப்பில் தானாகவே பதில் போடும் ஒரு ஏஐ ஏஜென்ட் தேவைப்பட்டது. பெண்களின் விவரம் வெளிக் கம்பெனி எதற்கும் போகக் கூடாது. அதனால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடக்கூடிய, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு ஏஜென்ட்களை இறக்கி வைத்திருந்தாள். முதலாவது எதற்கெடுத்தாலும் 'செய்யவா?' என்று கேட்டு நிற்கும். இரண்டாவது கேட்காது, மளமளவென்று முடித்துவிடும். பாசிலாவுக்கு இரண்டாவதைத்தான் பிடித்திருந்தது.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க நினைத்தாள். பொய்ப் பெயர்கள் போட்டிருக்க வேண்டும். சோம்பலில் உண்மையான பதிவேட்டையே கொடுத்து, நிலையத்தின் போனையும் இணைத்துவிட்டாள்.

திரையில் வரிகள் ஓடின. 'பவுசியாவின் படத்தை மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள். இன்னும் காட்டவில்லை. படம் கிடைத்தது. அனுப்பிவிட்டேன்.'

பாசிலா உடனே அதை நிறுத்தினாள்.

பெண்ணைப் பதிய வந்த பவுசியாவின் வாப்பா, படத்தைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "கையில கொண்டுபோய்க் காட்டிட்டு, கையோட திருப்பி வாங்கியாந்துருங்க. ஒருத்தர் போன்லயும் ஏறக் கூடாது." பத்திரமாக இருக்கட்டும் என்று அதை ஸ்கேன் செய்து வைத்தவள் பாசிலாதான்.

எந்த நம்பருக்குப் போனது என்று பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் பட்டன் போன்தான். அப்படிப்பட்டவர்கள் பக்கத்துக் கடை நம்பரைக் கொடுப்பது வழக்கம். கூப்பிட்டால் கடைக்காரர் ஆளை அழைத்துவிடுவார். பவுசியாவின் படம் போயிருந்தது ஜமால் முகமதுவின் மளிகைக்கடைக்கு. அந்தப் போன் கல்லாவின் மேலேயே கிடக்கும். சாமான் வாங்க வரும் பயல்களெல்லாம் எடுத்து நோண்டுவார்கள். போன வருடம் இப்படித்தான் ஒரு பெண்ணின் படம் ஊர் சுற்றி, நிச்சயித்த நிக்காஹ் நின்றது.

நிலையத்தின் போனைத் திறந்தாள். படத்தின் கீழே ஒரே ஒரு டிக். இன்னும் போய்ச் சேரவில்லை.

வெள்ளிக்கிழமை! ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது ஜமால் போனை அணைத்து வைப்பார். மணி ஒன்று நாற்பது. தொழுகை முடிந்திருக்கும், எந்த நேரமும் போனைப் போட்டுவிடுவார். இரண்டு முறை தவறான இடத்தில் அழுத்தி, மூன்றாவது முறை 'எல்லாருக்கும் அழி' என்பதை அழுத்தினாள்.

அவள் வாய் 'யா அல்லாஹ்' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"பாப்பா, ஜமாலு பேசுறேன். என்னமோ அனுப்பிட்டு அழிச்சிருக்கீங்களே, என்னாது அது?"

"நீங்க... பாத்தீங்களா மாமா?"

"அழிச்சத எங்கிட்டுப் பாக்குறது? ரகசியமோ?"

"தப்பா வந்துருச்சு மாமா." அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

நிஷா திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் பாசிலா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நிஷா போனை வாங்கி, படம் அழிந்திருப்பதைப் பார்த்தாள்.

"பவுசியா வாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீயும் கூட வரணும்."

"வாரேன் மாமி."

"அதுக்கு முன்னாடி அந்தக் கேக்காத சனியன எடுத்து எறி."

ஸ்கேன் செய்து வைத்த எல்லாப் படங்களையும், இரண்டாவது ஏஜென்டையும் அழிக்கும்படி முதலாவதிடம் சொன்னாள் பாசிலா. அது அழிக்க வேண்டியவற்றின் பட்டியலைக் காட்டி, வழக்கம்போல் கேட்டு நின்றது: 'நீக்கவா?'

பாசிலா பட்டியலை மூன்று முறை படித்தாள். பிறகுதான் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.